மேட்டுப் புற்றின் வாசல்

ஆற்றோரப் புற்று வெள்ளத்தில் போனதும், ஓர் எறும்பு ஒரு கோதுமை மணியை இழுத்துக்கொண்டு மேட்டுப் புற்றின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

காவல் எறும்பு அதை முகர்ந்து பார்த்தது. "உன் வாசனை எங்க வாசனை இல்ல. உள்ள விட முடியாது. அந்தக் கோதுமையை மட்டும் வச்சுட்டுப் போ."

எறும்பு அசரவில்லை. தினமும் ஒரு கோதுமை மணியை இழுத்து வந்து, "இன்னைக்காவது விடுங்கண்ணே" என்றது. காவல் எறும்பும் தினமும் மணியை வாங்கி உள்ளே உருட்டிவிட்டு, அந்த எறும்பை விரட்டியது.

குளிர் வந்தது. காவல் எறும்பு ஓய்வெடுக்க உள்ளே போனது. உள்வாசல் எறும்புகள் அதை முகர்ந்துவிட்டு முகம் சுளித்தன.

"வெளியூர் வாடை அடிக்குதே! யார் நீ?"

"நான்தாங்க! வாசல்ல நிக்கிறாளே, அவ கொண்டுவந்த மணியைத் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கிச்சு!"

யாரும் கேட்கவில்லை. தூக்கி வெளியே போட்டன.

வாசலில் நின்ற ஆற்றோர எறும்பு அன்றைய மணியைக் காவல் எறும்பின் பக்கம் நகர்த்தியது.

"அந்தப் பக்கம் பிடிங்கண்ணே. ரெண்டு பேருமாப் போய்க் கேட்போம்."