அகற்று

பிடரி இழுத்தது. தோள்பட்டையில் தொடங்கி காதுக்குப் பின்னால் வரை ஒரே குடைச்சல்.

இணையத்தில் ஜனங்கள் போடுகிற வீடியோக்களைச் சலிக்கும் வேலை. காலையிலிருந்து அறுநூறு பார்த்தாயிற்று.

ஒவ்வொன்றுக்கும் எட்டு விநாடி. மெஷின் முதலில் தன் தீர்ப்பைச் சொல்லும். இருக்கட்டும், அல்லது அகற்று. அவள் அதற்கு ஆமாம் போட வேண்டும். இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

அடுத்தது வந்தது.

தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டி. ஓரத்தில் சட்டையில்லாமல் ஓர் ஆள் நனைந்து கிடக்கிறான். தொட்டிக்குள் இறக்கியவனுக்குக் கயிறு இல்லை. முகமூடி இல்லை.

ஆளை அவளுக்குத் தெரியும். மாசிலாமணி. எதிர்வீட்டு அஞ்சலையின் புருஷன். செத்து ஐந்து நாள்.

குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து செத்தான் என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருக்கிறது. படம் பிடித்தவன் தணிகைவேல் ஒருவன்தான். செல்போனில் உள்ளூர்ச் செய்தி போடுகிறவன். அந்த செல்போன் இப்போது போலீசிடம். மிச்சம் இருப்பது இந்த வீடியோ.

மெஷின் சொன்னது: கோரம். அகற்று.

ஏன் அப்படிச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். தரையில் கிடக்கும் வெற்றுடம்பு எதுவானாலும் கோரம் என்று இரண்டு வருடமாக முத்திரை குத்தியவள் அவள். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். யாருக்காகப் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை.

‘இருக்கட்டும்’ என்று மாற்றினாள்.

அடுத்த நிமிஷம் அதே வீடியோ திரும்பி வந்தது. சரிபார்க்கவும்.

வேறு எந்த வீடியோவும் இத்தனை அவசரமாகத் திரும்பி வந்ததில்லை.

மறுபடி மாற்றினாள்.

மறுபடி வந்தது. கூடவே சூப்பர்வைசரும் வந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். மூன்றாவது தடவை மாற்றினால் அவளுடைய ஐடி தானாக மூடிக்கொள்ளும், நாளையிலிருந்து வேலை இல்லை, தன் கையில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு சிரித்தான்.

“மெஷினோட ஏங்க்கா மல்லுக்கு நிக்கிறீங்க? அதுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே.”

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

திரையில் எண் இறங்கியது.

மூன்று.

இரண்டு.

அகற்று.

ஆமாம் போட்டாள். அதற்கு அடுத்தது ஒரு நாய்க்குட்டி. பந்தைத் துரத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் குழாயடியில் அஞ்சலை நின்றிருந்தாள். திங்கள்கிழமை மனு நாளாம். கலெக்டரிடம் போகிறாளாம். போனைத் திருப்பிக் காட்டினாள்.

“தணிகை போட்டது தொறக்க மாட்டேங்குதுடி. நீ கம்ப்யூட்டர்லதான இருக்க, என்னன்னு பாரேன்.”

அவள் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள். நெட் சரியில்லை போல என்றாள்.

அஞ்சலை நம்பினாள்.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

நான் பார்த்தேன் என்ற சாட்சி. அஞ்சலைக்கு அவள் தர வேண்டியது அதுதான்.

இன்னும் தரவில்லை.