சத்தத்திலேயே சொல்லிடுவேன்

வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று அந்த மெக்கானிக்குக்குப் பெயர். அன்று மகளின் பள்ளிக்கு மனைவியோடு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் செய்த அறிவியல் சோதனை, ராட்சத பலூனில் ஏறி வானத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறதே!

காற்று குறையக் குறையச் சத்தமும் குறையுமா என்பதுதான் சோதனை. துளையிட்ட பெட்டிக்குள் ஸ்பீக்கரில் ஒரு சத்தத்தை ஓயாமல் ஓடவிட்டு, கூடவே மைக்கும் வைத்து அனுப்பியிருந்தாள்.

அரங்கில் பதிவைப் போட்டார்கள். கர்ர்ர்... புர்ர்ர்... என்று கூரையை அதிரவைத்த சத்தம், மேலே போகப் போகத் தேய்ந்து, உச்சியில் கப்சிப் ஆகிவிட்டது. ஒரே கைதட்டல்.

"அது என்னம்மா சத்தம்?" என்று டீச்சர் கேட்டார்.

மகள் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"நான் சொல்றேன் டீச்சர். அரதப் பழசு டீசல் எஞ்சின். காத்து போற குழாய்ல அடைப்பு. இது ஓடினா தெருவே தூங்காது. பேசாம காயலான் கடையில போட்டுடலாம். எந்தப் பாவி இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழறானோ!"

மகள் நெளிந்தாள். "அப்பா... அது நீங்க தூங்கும்போது பதிவு பண்ணினது."

பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா கையைத் தூக்கினாள்.

"அந்தப் பாவி நான்தான், டீச்சர்."