கீழ்வீட்டு வாசனை

"எல்லாம் கீழேர்ந்து வர்ற நாத்தம்னா! கருவாடு பொரிக்கறா. அடுப்புல ஆரஞ்சுத் தோல் போட்டிருக்கேன், இப்போ சரியாயிடும்."

மாடியில் அனந்தலக்ஷ்மி மாமி தன் கணவர் சேஷனிடம் சொன்னது, படிக்கட்டு வழியாக அப்படியே கீழே வந்து சேர்ந்தது. கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்த பேச்சியின் கை நின்றுவிட்டது.

பின்னாலேயே வாசனையும் இறங்கியது. ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு.

கிழக்கேகோட்டையில் அந்த வீட்டு மாடியில் மாமியும் சேஷனும் குடியிருந்தார்கள். கீழே பேச்சியும் அவள் புருஷன் பால்பாண்டியும். அவன் சாலைச் சந்தைக் கடைகளில் மூட்டை இறக்குகிறவன்.

பக்கத்து வீட்டு மலையாளி ஓமனாவிடம் யாரும் எதுவும் கேட்கவே வேண்டாம். அவளாகவே மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"கிறிஸ்துமஸ் லீவுக்கு பெங்களூர்லேருந்து மாமியோட மோன் அபிஜித் வருதாம், கேட்டோ. வீடு மணக்கணும்னா இதைத் தண்ணியில இட்டு கொதிக்க வெச்சா மதி, அதே போதும்னு மருமகள் போன்ல சொல்லிக்கொடுத்ததாம். நிங்கட கருவாட்டு நாத்தம் அவங்களுக்குப் பிடிக்கல்லல்லோ!"

ராத்திரி பேச்சி அதைப் பால்பாண்டியிடம் சொன்னாள்.

"விடு புள்ள," என்றான் அவன். "வீட்டுக்காரர் காதுக்குப் போச்சுன்னா காலி பண்ணச் சொல்லிருவாரு. சாலைக்குப் பக்கத்துல நமக்கு வேற யாரு வீடு குடுப்பா?"

அதனால் கருவாட்டுப் பொட்டலம் பரணுக்குப் போனது. நாளெல்லாம் மூட்டை சுமந்து வந்தவன் வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தான். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

ஆனால் மாடியில் கொதிப்பது நிற்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையிலேயே ஆரஞ்சு வாசனை வந்துவிட்டது.

"கருவாடுதான் இல்லையே! இப்ப எது நாறுதாம்? நாமளா?"

பால்பாண்டி குனிந்தபடி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அதுவே அவளைக் கிளப்பிவிட்டது. விறுவிறுவென்று படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

மாமி கதவைத் திறந்தாள். அழுதிருந்த முகம். பேச்சி அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை.

"மாமி, நாங்க கருவாட்டுச் சட்டியக் கழுவிக் கவுத்தியாச்சு. இன்னும் எதுக்கு இதக் கொதிக்க வைக்கீங்க? எங்களப் பாத்தாலே நாறுதா ஒங்களுக்கு?"

"மெதுவாடி, மெதுவா!" மாமி பதறி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அதற்குள் பேச்சியின் மூக்கில் பட்டுவிட்டது. ஆரஞ்சுக்கும் கிராம்புக்கும் அடியில் வேறொரு வாடை. ஏதோ அழுகுகிற வாடை. அவளுடைய கருவாடு ஒருநாளும் அப்படி நாறியதில்லை.

மாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாவுக்குக் கால்ல சர்க்கரைப் புண். ஆறவே மாட்டேங்கறது. என்னடி நாத்தம் இதுன்னு என்னையே கேட்டார். உங்க கால்தான்னு எந்த வாயால சொல்றது? கீழேர்ந்து வர்றதுன்னு உன் தலையில போட்டுட்டேன். தப்புதான்."

பேச்சியும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"அவரும் அதை நம்பிண்டிருந்தார். இப்போ நீ நிறுத்திட்டே. 'கீழதான் ஒண்ணும் பொரிக்கலையே, பின்ன எதுக்குடி அடுப்புல இது?'ன்னு கேட்டார். நான் சமையல்கட்டுக்குள்ள போயிட்டேன். அவருக்குப் புரிஞ்சுபோச்சு போலருக்கு. அபிஜித்தைக் கூப்பிட்டு, லீவுக்கு வராதே, குழந்தைகளையும் அனுப்பாதேன்னுட்டார். நேத்துலேர்ந்து ரூம் கதவைச் சாத்திண்டு உள்ளயே கிடக்கார்."

கொண்டுவந்த கோபம் எங்கே போனதென்று பேச்சிக்கே தெரியவில்லை.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க மாமி."

வெங்காயம்கூட வீட்டுக்குள் சேர்க்காத அனந்தலக்ஷ்மி மாமி, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கருவாடு பொரியேண்டி."

அன்று சாயங்காலம் பால்பாண்டி வீட்டுக்குள் நுழையும்போது சட்டியில் எண்ணெய் சடசடத்துக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து மாமியின் குரல், வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது.

"பாத்தேளான்னா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டா! என்ன நாத்தம், என்ன நாத்தம்!"

பிறகு ஒரு கதவு திறந்தது.

"கீழேர்ந்துதானா வர்றது?" சேஷனின் குரல்.

"பின்ன? வேற எங்கேர்ந்து வரும்?"

"சரி விடு, பாவம், சாப்பிட்டுட்டுப் போறா. அதான் நீ ஆரஞ்சுத் தோல் போட்டிருக்கியே. அந்த போனை இப்படிக் குடு, அபிஜித்தை வரச் சொல்றேன்."

"அய்யய்யோ, இந்தக் கீழ்வீட்டு நாத்தம் தாங்கலையே!" என்றாள் மாமி இன்னும் சத்தமாக.

பால்பாண்டி பயந்துபோனான். "நிறுத்து புள்ள. திரும்பவும் திட்டுதாக, கேக்கலையா?"

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, இன்னொரு துண்டைச் சட்டியில் போட்டாள்.

"திட்டட்டும். நல்லாச் சத்தமாத் திட்டட்டும்."