ஓடாத பிளைமவுத்

தார்ப்பாயை இழுத்ததும் வைக்கோல் தூசி எழும்பி இரண்டு பேரையும் இரும வைத்தது.

தூசி அடங்கியபோது ஆரஞ்சு நிறம் தெரிந்தது. வாங்க வந்த கர்டிஸ் பெரென்ஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டான்.

எழுபதாம் வருடத்து பிளைமவுத் கார். இரண்டே கதவு, லாரிக்குப் போடுகிற அளவு என்ஜின். நான்கு டயரும் தரையோடு அப்பிக் கிடந்தன. கூரை முழுக்கக் கோழி எச்சம். பின்சீட்டுப் பஞ்சைப் பிய்த்து எலிகள் கூடு கட்டியிருந்தன.

"வாடகை இல்லாம நல்லா குடும்பம் நடத்தியிருக்குங்க" என்றான்.

காரை விற்கிற ஆர்லிஸ் சிரித்தாள்.

மார்ச்சில் கணவன் லூமிர் இறந்த பிறகு நிலம் கைமாறிவிட்டது. மகள் ஜானெல், லிங்கன் நகரத்தில் அவளுக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறாள். கொட்டகையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். விளம்பரம் போட்டதும் ஜானெல்தான்: பழைய கார், சரிசெய்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு. ‘ஓடாது’ என்பதைச் சேர்க்கச் சொன்னது ஆர்லிஸ்.

கர்டிஸ் காரைச் சுற்றி வந்தான். "ஐயாவோட வண்டியாம்மா?"

"என்னோடது. கல்யாணத்துக்கு முந்தி டெலிபோன் ஆபீஸ் சம்பளத்துல வாங்கினேன். நெப்ராஸ்காவுல ரோடெல்லாம் நேரா கெடக்கும் பாரு, அதுல என்னை முந்தினவன் இந்த வட்டாரத்துலயே கெடையாது."

அவன் அவளை இன்னொரு தரம் பார்த்தான். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டான். ஒருநாள் காலையில் கிளம்பவில்லை என்றாள்.

முன்பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் குனிந்து நோண்டியவன், கறுப்பு மூடி ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதுல ரோட்டரே இல்லையேம்மா."

கட்டைவிரல் அளவு சாமான். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான், அது இல்லாமல் நாள் முழுக்கச் சாவியைத் திருகினாலும் என்ஜின் பிடிக்காது என்று விளக்கினான். தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை. யாரோ திறந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி மூடியிருக்கிறார்கள்.

"அந்தக் காலத்துல அப்படித்தாம்மா. வண்டியை யாரும் கொண்டு போயிடக் கூடாதுன்னு ஐயாதான் எடுத்து வெச்சிருப்பாரு."

ஆர்லிஸ் அந்தக் கறுப்பு மூடியை வாங்கிப் பார்த்தாள்.

கார் கிளம்பாத அன்றைக்கு இன்னும் விடியவில்லை. லூமிர் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தான். காரின் பின்சீட்டில் இரண்டு வயது ஜானெல் போர்வைக்குள் தூங்கினாள். பக்கத்தில் பெட்டி. டென்வர் நகரத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு ஆர்லிஸ் புறப்பட்டிருந்தாள். திரும்பி வருவதாக இல்லை.

லூமிர் அடித்தவன் இல்லை. குடித்தவன் இல்லை. பேசாதவன். பனிக்காலத்தில் நாள் கணக்காக ‘ம்’ என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது.

சாவியைத் திருகினாள். பேட்டரி செத்துப் போகும்வரை திருகினாள்.

பிறகு குழந்தையை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். பெட்டியைக் காலி செய்தாள். அடுப்பைப் பற்ற வைத்து முட்டை பொரித்தாள். லூமிர் உள்ளே வந்தபோது கார் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

பார்க்கிறேன் என்றான்.

காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து இங்கே விட்டதோடு சரி. அவன் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே கிளம்பினாய் என்ற பேச்சு வரும். அவனுக்கு எதுவும் தெரியாது என்ற நிம்மதியில்தான் அத்தனை வருடமும் அவனோடு இருந்தாள். கடைசி நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே நிம்மதியில்தான்.

இப்போது கோபம் வந்தது. செத்தவன் மேல் வரக்கூடாத கோபம். போகாதே என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வழியை மட்டும் அடைத்துவிட்டான்.

கர்டிஸ் கதவை நெம்பித் திறந்து, உள்ளே சாய்ந்து, முன்சீட்டுக்கு எதிரிலிருந்த சின்னச் சாமான் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"இதோ இருக்கும்மா. பத்திரமாத்தான் வெச்சிருக்காரு."

ஒரு சின்னத் துணிப் பொட்டலம். பிரித்து, ரோட்டரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துணியை அவளிடம் நீட்டினான்.

கைக்குட்டை. மூலையில் சிவப்பு நூலில் கோணல்மாணலாக ‘அப்பா’ என்று தைத்திருந்தது. மூன்றாம் வகுப்பில் படித்தபோது, தந்தையர் தினத்துக்காக ஜானெல் தைத்துக் கொடுத்தது.

ஆர்லிஸ் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வகுப்பு.

ரோட்டரை அவன் எடுத்த அன்றைக்கு ஜானெலுக்கு இரண்டு வயது, இந்தக் கைக்குட்டையே இல்லை. எத்தனையோ வருடம் தன்னிடம் வைத்திருந்துவிட்டு, பிறகு ஏதோ ஒரு நாள் அவன் தனியாக இங்கே வந்திருக்கிறான். மகள் கொடுத்த துணியில் சுற்றி, ஆர்லிஸின் கைக்கு எட்டும் இடத்தில் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

இரும்புக் கயிற்றை மாட்டி, பிளைமவுத்தை இழுவை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கர்டிஸ் திரும்பிப் பார்த்தான்.

"கடைசியா ஒருவாட்டி உள்ள உக்காந்து பாக்குறீங்களாம்மா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

அந்தக் காலைக்குப் பிறகு அவள் அந்தக் காரின் கதவை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.