கஜேந்தினி போட்ட கணக்கு

“வீட்டிலுள்ள ஓர் எண்ணை வைத்து, இருபடிச் சமன்பாட்டால் தீர்க்கக்கூடிய கணக்கொன்றை நீங்களே அமைத்து வாருங்கள்” என்று தரம் பதினொன்றுக்குச் சொல்லியிருந்தார் கணித ஆசிரியர் ரமணீதரன். அவர் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்து ஒரு கிழமைதான் ஆகிறது.

கஜேந்தினி கரும்பலகையில் எழுதினாள்: ‘என் அப்பாவின் வயது ஓர் இரண்டிலக்க எண். இலக்கங்களின் பெருக்கம் 18. வயதோடு 63ஐக் கூட்டினால் இலக்கங்கள் இடம் மாறும்.’

பிறகு பத்தினிட இலக்கத்தை x என வைத்து, x(x + 7) = 18 என்று எழுதித் தீர்த்தாள். −9ஐத் தள்ளிவிட்டு 2ஐ எடுத்தாள். விடை 29.

“உமக்கு எத்தினை வயது?”

“பதினாறு, சேர்.”

“அப்ப அப்பாவுக்குப் பதின்மூன்று வயதில நீர் பிறந்தனீரோ? விடை வந்தாப் போதாது, அது பொருந்துதோ எண்டும் பார்க்கவேணும். நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும். அவரையே கேட்பம்.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவளுடைய தாய் நாகேஸ்வரி மட்டும் வந்தார். வீதியோரப் போராட்டப் பந்தலில் தினமும் மடியில் வைத்திருக்கும் கணவரின் படத்தை மேசையில் வைத்தார். அதன் கீழே, ‘காணாமல் ஆக்கப்பட்டவர். வயது 29’ என்று அச்சிடப்பட்டிருந்தது.

ரமணீதரன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“பிள்ளை இதைப் பார்த்துத்தான் எழுதினவள், சேர். படம் மங்கிப்போச்சு, புதுசா அடிக்கக் குடுக்கவேணும். நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள், சொல்லுங்கோ. போன பதினாறு வருசத்தையும் கூட்டிப் போடுறதோ, அப்பிடியே விடுறதோ?”