கம்பியில்லாத சுவிட்ச்

கரண்ட் எட்டிப் பார்க்காத அந்தக் கடலோர ஊருக்குப் படகில்தான் போக முடியும். கம்பம் நட இடம் பார்க்கப் போன சர்வேயர், சாயங்காலம் ஒரு மீனவர் வீட்டுச் சுவரில் சுவிட்ச் ஒன்றைப் பார்த்தார். அதற்குக் கம்பியே இல்லை.

“என்னக்கா, பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே தொட்டில் கட்டிட்டீங்க?” என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர் மாட்டினது. மாட்டின அடுத்த வாரமே கடலுக்குப் போனவரு, ஆறு வருஷமா காணோம். தினமும் போட்டுப் பாப்பேன்.”

ஆர்வம் தாங்காமல் சர்வேயர் சுவிட்சைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே, தொடுவானத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அணைத்தார், அணைந்தது. மறுபடி போட்டார். விளக்கு பாதித் தூரம் வந்திருந்தது.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் போட்டு இவ்வளவு கிட்ட வந்ததே இல்ல. உங்களுக்கு ராசியான கை, தம்பி. இன்னும் ஒரே ஒரு தடவை போடுங்க.”