முதலாளியின் ஃபோன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சவர்ணத்தின் ஃபோன் மறுபடியும் அடித்தது.

“வாழை இலை வந்துச்சா? சாம்பாருக்குப் பருப்பு வெந்துச்சா?” பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடை முதலாளி அடைக்கப்பன் அதட்டினார்.

“எல்லாம் ஆச்சு முதலாளி.” அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

அறைக்குப் புதிதாகக் குடிவந்த ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. “ஓய்வு நாள்லயும் ஆளை நிம்மதியா விடமாட்டாரா? லேபர் ஆபீஸ்ல புகார் கொடுங்க லா, அக்கா.”

“வேணாம்.”

“வேலை போயிடும்னு பயமா?”

“அந்த வேலை போன வருஷமே போச்சு. கடையை வித்துட்டு மகன் இவரைக் கிள்ளான் ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல விட்டுட்டான். கடை இன்னும் நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு தினமும் கூப்பிட்டுத் திட்டுறாரு.”

“அப்ப நம்பரை பிளாக் பண்ணிடுங்க.”

“பண்ணிட்டா, எனக்கு வேற யாரு ஃபோன் பண்ணுவா?”